51-இல் 6: சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸும் கை செய்யும் வேலையும்

மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுக்கும்போது கை என்ன செய்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒரு கையின் விரல்கள் அட்டையை அடியிலிருந்து தாங்கிக்கொள்கின்றன. மறு கையின் கட்டைவிரல் நுனி குமிழை அழுத்துகிறது. அலுமினியத் தாள் கிழிந்து மாத்திரை விழும்போது உள்ளங்கை சற்றே குழிந்து அதை ஏந்திக்கொள்கிறது. எல்லாம் சேர்த்து இரண்டு நொடி.

தோலும் உள்ளுறுப்புகளும் கெட்டிப்படும் சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ் என்ற நோய் உள்ளவருக்கு இந்த இரண்டு நொடியில் எத்தனை இடத்தில் தடங்கல் என்று பாருங்கள். கட்டைவிரல் நுனியில் சதை சுருங்கி, எலும்புக்கு மேல் தோல் மட்டும் போர்த்தியதுபோல் இருக்கும்; அழுத்தினால் உயிர் போகும். அங்கே புண் இருந்தால் தொடவே முடியாது. மற்ற விரல்கள் கொக்கிபோல் மடங்கியே இருப்பதால் அட்டை நழுவும். உள்ளங்கை குழியாததால் விழுந்த மாத்திரை தரையில் உருளும். கத்தரிக்கோலால் வெட்டலாம் என்றால், அதன் வளையத்துக்குள் மடங்கிய விரல் நுழையாது. சரி, பல்லால் கடித்துக் கிழிக்கலாம் என்றால் வாய் அவ்வளவு திறக்காது. நோய்க்கான மருந்தை வெளியே எடுக்கவே நோய் விடுவதில்லை.

இதே ஆளின் மருத்துவக் கோப்பைத் திறந்தால், ‘தோல் மதிப்பெண் 8, நுரையீரல் கொள்ளளவு பரவாயில்லை, நோய் நிலையாக உள்ளது’ என்று எழுதியிருக்கக்கூடும். அதிலும் பொய் ஒன்றும் இல்லை. நோய் நிலையாகத்தான் இருக்கிறது. மாத்திரைதான் அட்டையை விட்டு வரவில்லை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவே விழும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மருத்துவத்தில் இதை உடல் இயங்குதிறன் என்பார்கள். மனசு நினைத்ததை உடம்பு எந்த அளவுக்குச் செய்து தருகிறது என்பதே அதன் பொருள்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஸ்கிளெரோடெர்மா என்ற பழைய பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கெட்டித்த தோல் என்று அர்த்தம். தோல் மட்டும் கெட்டியாகும் வகையும் உண்டு என்பதால், உள்ளுறுப்புகளையும் தொடும் வகையை சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ் என்று பிரித்துச் சொல்கிறார்கள். அரிய நோய்தான். பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. முப்பதிலிருந்து ஐம்பதுகளுக்குள், வேலையும் வீடும் தலைக்குமேல் இருக்கும் வயதில், பெரும்பாலும் தலைகாட்டுகிறது.

உள்ளே மூன்று விஷயங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டபடி நடக்கின்றன. சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகிறது. எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பின் மீதே பாய்கிறது. இந்தக் களேபரத்தில், காயத்தை ஆற்ற வேண்டிய செல்கள் ஓய்வே இல்லாமல் கொலாஜன் என்ற நார்ப்பொருளைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. காயமே இல்லாத இடத்தில் தழும்பு உண்டாவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தழும்பு தோலில் வந்தால் இறுக்கம், உணவுக்குழாயில் வந்தால் விழுங்குவதில் சிரமம், நுரையீரலில் வந்தால் மூச்சு வாங்கல்.

நோய் இரண்டு பெரிய கிளைகளாகப் போகிறது. முகம், முழங்கைக்குக் கீழ், முழங்காலுக்குக் கீழ் என்று தோல் இறுக்கம் நின்றுவிட்டால் அது வரம்புக்குட்பட்ட வகை. மேல்கை, தொடை, மார்பு, வயிறு என்று ஏறினால் பரவும் வகை. பரவும் வகையில் இயங்குதிறன் அதிகம் பாதிக்கப்படுகிறது. அதனால் வரம்புக்குட்பட்ட வகை சாதுவானது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெயரில் உள்ள ‘வரம்பு’ தோலுக்குப் போட்டது, வாழ்க்கைக்குப் போட்டதல்ல. அந்த வரம்புக்குள்தான் பத்து விரல்களும் வாயும் இருக்கின்றன.

தோலை அளப்பது

தோல் இறுக்கத்தை அளக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் முறைக்கு, திருத்தப்பட்ட ராட்னன் மதிப்பெண் என்று பெயர். மருத்துவர் உடம்பில் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார். இயல்பாக மடிந்தால் 0, கிள்ளவே வரவில்லை என்றால் 3. ஆக மொத்தம் 51. பயிற்சி பெற்ற கைகள் இருந்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். பரவும் வகையில் நோய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க உதவும் நல்ல அளவுகோல்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முகம், மார்பு, வயிறு தலா ஓரிடம். மீதி 14 இடங்கள் இடம் வலமாக மேல்கை, முன்கை, புறங்கை, விரல்கள், தொடை, கால், பாதம். இதில் இரண்டு கை விரல்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 6. பத்து விரலும் கல்லாகிப்போனாலும் 51-இல் 6-தான். தொடை இரண்டுக்கும் அதே 6. தொடைத் தோல் இறுகினால் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் தொடைத் தோலால் யாரும் பொத்தான் போடுவதில்லை.

இதே விரல்களுக்கு நோயை அடையாளம் காணும் இடத்தில் ராஜ மரியாதை. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் 2013-இல் சேர்ந்து வகுத்த நெறிமுறையில், 9 புள்ளி வந்தால் சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ் என்று கொள்ளலாம். இரண்டு கைகளிலும் விரல் தோல் தடித்து, அது விரல் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணுவையும் தாண்டி ஏறியிருந்தால், அந்த ஒன்றுக்கே 9 புள்ளி. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. நோயைக் கண்டுபிடிக்கும்போது எல்லாமாக இருந்த விரல், நோய் எப்படிப் போகிறது என்று கணக்கு எழுதும்போது எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரவும் வகையில் தோல் இறுக்கம் முதல் சில ஆண்டுகளில் உச்சத்துக்குப் போய், பிறகு பலருக்குத் தானாகவே கொஞ்சம் இளகத் தொடங்கும். மதிப்பெண் 30-இலிருந்து 15-க்கு இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த உச்சக் காலத்தில் மடங்கிப்போன விரல் மூட்டு, தோல் இளகியதும் கூடவே நிமிர்ந்துவிடாது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறையும் தசைநாணும் குறுகி இறுகிவிட்டிருக்கும். மதிப்பெண் பாதியாகும், கை அப்படியே நிற்கும்.

கை எப்படி மடங்குகிறது

பெரும்பாலோருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ரேனாட். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனாட் 1862-இல் விவரித்தது. குளிர் பட்டாலோ மனம் பதறினாலோ விரல்களின் ரத்தக் குழாய்கள் இறுக மூடிக்கொள்ளும். விரல் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு ரத்தம் திரும்பி ஓடும்போது சிவந்து சுடும். கருத்த தோலில் இந்த நிற மாற்றம் அவ்வளவு துலக்கமாகத் தெரியாது. மரத்துப்போவதும் வலியும்தான் சொல்லும். இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் ரேனாட் இருக்கிறது. பலருக்கு மற்ற அறிகுறிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது வந்துவிடுகிறது.

குளிர் என்றதும் பனிக்காலம் என்று நினைக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாத்திரத்தை எடுப்பது, குழாய்த் தண்ணீரில் கை நனைப்பது, ஏசி அறையில் ஒரு மணி நேரக் கூட்டம் என்று எதுவும் போதும். அடுத்த பதினைந்து, இருபது நிமிடத்துக்கு விரல்கள் மரக்கட்டை. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பு, கையெழுத்துப் போடு என்றால் எங்கே போவது?

அப்புறம் வீக்கம். காலையில் விரல்கள் உப்பலாக இருக்கும், மோதிரம் கழலாது. பலரும் உப்பு, தூக்கம் என்று ஏதாவது காரணம் சொல்லிக் கடந்துவிடும் கட்டம் இது. பரவும் வகையில் அந்த வீக்கம் சில மாதங்களில் இறுக்கமாக மாறும். புறங்கைத் தோல் இறுகி, விரலும் உள்ளங்கையும் சேரும் அடிக்கணுவைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும், அடிக்கணு மடங்காது. நடுக்கணுவுக்கோ நேர் எதிர்: அது மடங்கியே நின்றுவிடும், நிமிராது. கட்டைவிரல் பக்கவாட்டில் விரியாமல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்தால் பறவையின் நகம்போல் ஒரு கை.

இதன் விளைவு விசித்திரமானது. முடக்குவாதத்தில் பிடி தளர்ந்துபோவதுதான் பெரிய குறை. இங்கே குறைவது பிடியின் அளவு. கட்டைவிரல் விரியாததால் தண்ணீர்ப் பாட்டிலைச் சுற்றிப் பிடிக்க முடியாது. விரல்கள் முழுக்க மடங்காததால் மெல்லிய கரண்டிக் காம்பையும் பிடிக்க முடியாது. பெரிய பொருளும் கை நழுவுகிறது, சின்னப் பொருளும் நழுவுகிறது. நடுவில் ஏதோ ஒரு பருமன் மட்டும் பொருந்துகிறது. அதனால்தான் காம்பைத் துணி சுற்றித் தடிமனாக்குவது என்ற எளிய வேலை சிலருக்குப் பெரிய மருந்தைவிட உடனே பலன் தருகிறது.

வணக்கம் சொல்வதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வது பழைய சோதனை. இயல்பான கைகள் அடி முதல் நுனிவரை ஒட்டும். இங்கே மணிக்கட்டுப் பக்கம் ஒட்டும், விரல் நுனிகளும் தொடும், நடுவில் ஒரு சந்து விழும். மேசையில் கையைக் குப்புற வைத்தால் உள்ளங்கைக்குக் கீழே வெளிச்சம் தெரியும். அதே மேசையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்லிப் பாருங்கள்: விரலால் அதை மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்து, விளிம்பில் மறு கையை ஏந்தி விழவைப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கை தானே கண்டுபிடித்த வழி.

புண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு எப்போதாவது ஒரு கட்டத்தில் விரல்களில் புண் வருகிறது. ரத்தம் போகாததால் நுனியில் வரும் புண் ஒரு வகை. மடங்கிய நடுக்கணுவின் மேல் இழுத்துக் கட்டிய தோல், எங்காவது லேசாக இடித்தாலே பிளந்து வரும் புண் இன்னொரு வகை. அளவு ஒரு மிளகுகூட இருக்காது; ஆற மாதக்கணக்காகும். வலி அந்த அளவுக்குச் சற்றும் பொருந்தாமல் இருக்கும். ஆள்காட்டி விரலில் புண் வந்தால் ஆள் நடுவிரலுக்கு மாறுகிறார். நடுவிரலிலும் வந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டியின் பக்கவாட்டையும் வைத்து, சாவி பிடிப்பதுபோல் எல்லாவற்றையும் பிடிக்கிறார். புண் ஆறியபிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. பயன்படுத்தாத மூட்டு இன்னும் இறுகுகிறது.

இந்த இடத்தில் ஓவியர் பால் கிளே நினைவுக்கு வருவார். அவருக்கு 1935-இல் தொடங்கிய நோய்க்கு, அவர் உயிரோடு இருந்தவரை இந்தப் பெயர் வைக்கப்படவில்லை. குறிப்புகளையும் படங்களையும் வைத்துப் பின்னாளில்தான் சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ் என்று முடிவுக்கு வந்தார்கள். 1939-இல் மட்டும் 1,200-க்கும் மேல் படைப்புகளைத் தந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 29-இல் இறந்தார். உலக ஸ்கிளெரோடெர்மா நாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. நோயை மீறிய மனவலிமைக்கு அவரைச் சான்று காட்டுவது வழக்கம். ஆனால் அவர் வழக்கை ஆராய்ந்தவர்கள், நோய் அவர் கைகளைப் பெரிதாகத் தொடவில்லை என்றே கருதுகிறார்கள். மனவலிமை இருந்தது, சரி. கூடவே தூரிகை பிடிக்க விரலும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், விரல் போனவர்களை நாம் மனவலிமை இல்லாதவர்கள் என்று சொன்னதாகிவிடும்.

வாய், மூச்சு, வயிறு, அசதி

முகத் தோல் இறுகும்போது வாயின் சுற்றளவு சுருங்குகிறது. பெரியவர்களுக்கு மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டும். இங்கே அதில் பாதிக்கே சிலர் போராடுகிறார்கள். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ்ஷால் பல் தேய்க்கிறார்கள். அந்த பிரஷ்ஷைப் பிடிக்கவும் அதே கைதான். எச்சில் வறண்டு, பல் சொத்தையாகி, பல் மருத்துவரிடம் போனால் கடைவாய்ப் பல்லை எட்ட வாய் திறப்பதில்லை. கையும் வாயும் சேர்ந்து கெட்டால் சாப்பாடு என்பது ஒரு மணி நேர வேலை.

மூச்சு விஷயம் வேறு தினுசு. நுரையீரலில் தழும்பு படிவதும் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவதும்தான் இந்த நோயில் உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்கள். அதனால் மருத்துவர்களின் கண் அங்கேயே இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இயங்குதிறனை அளக்க வந்தால் இந்த நோயில் எந்தச் சோதனையும் நேராகப் பேசாது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பது இதய, நுரையீரல் நோய்களில் வழக்கம். இங்கே தூரம் குறைந்தால் நுரையீரல் காரணமா, முழங்கால் இறுக்கமா, பாதத்தின் அடிச்சதை கரைந்து எலும்பில் நடப்பதுபோன்ற வலியா, தொடைத் தசையின் பலவீனமா என்று அந்த எண் சொல்லாது. நடக்கும்போது ஆக்ஸிஜன் பார்க்க விரலில் கிளிப் மாட்டினால், ரேனாட் வந்த விரலில் ரத்தமே ஓடாததால் கருவி உளறும். நெற்றியிலோ காதிலோ மாட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வயிற்றைப் பற்றி ஆட்கள் வெளியே பேசுவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு உணவுப் பாதையில் ஏதாவதொரு பாதிப்பு உண்டு. குனிந்து தரையிலிருந்து துணியை எடுத்தால் அமிலம் தொண்டைக்கு வருகிறது. அதனால் குனிவதில்லை. மலத்தை அடக்க முடியாத தொல்லையும் சிலருக்கு உண்டு. அவர்கள் கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்துக்குப் போவதில்லை. இவர்கள் ‘நடக்க முடிகிறதா?’ என்ற கேள்விக்கு முடிகிறது என்றே பதில் எழுதுவார்கள். கால்கள் நடக்கும்; ஆள்தான் வெளியே போகமாட்டார்.

கடைசியில் அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத, வேலைக்குச் சம்பந்தமே இல்லாத களைப்பு. எது உங்களை அதிகம் முடக்குகிறது என்று நோயாளிகளைக் கேட்டால் திரும்பத் திரும்ப வரும் பதில் இது. நோயின் தீவிரம், ரத்தசோகை, தூக்கக் கேடு, வலி, சரியாகச் சாப்பிட முடியாமை என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று. குளித்து உடுத்தி முடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டியிருந்தால், அன்றைக்கு மிச்சமிருக்கும் எல்லா வேலையும் அந்த உட்கார்தலைச் சுற்றித்தான் நடக்கும்.

நோயாளியையே கேட்பது

இத்தனையையும் எப்படி ஒரு எண்ணில் அடைப்பது? 1980-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸும் உடனிருந்தவர்களும் மூட்டு நோயாளிகளுக்காக ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். உடல்நல மதிப்பீட்டுக் கேள்வித்தாள் என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரை ஹெச்.ஏ.க்யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 20 கேள்விகள், எட்டுப் பிரிவுகள்: உடுத்துதல், எழுந்திருத்தல், உண்ணுதல், நடத்தல், சுத்தம், எட்டி எடுத்தல், பிடித்தல், மற்ற அன்றாட வேலைகள். சிரமமே இல்லை என்றால் 0, முடியவே முடியாது என்றால் 3. சராசரிதான் இறுதி எண்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. ஒரு பிரிவில் பல கேள்விகள் இருந்தால், எது அதிகச் சிரமமோ அதன் மதிப்பெண்தான் அந்தப் பிரிவுக்கு. மற்றவை நன்றாக இருப்பது அதைக் கழுவிவிடாது. பிறர் உதவியோ துணைக் கருவியோ வேண்டியிருந்தால், ‘கொஞ்சம்தான் சிரமம்’ என்று அவரே சொன்னாலும் அந்தப் பிரிவு 2-க்கு ஏறிவிடும். ஆட்கள் தங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்வார்கள் என்பதைத் தெரிந்து வைத்து எழுதிய விதி.

சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸுக்கென்று 1997-இல் ஸ்டீன், மெட்ஸ்கர் என்ற ஆய்வாளர்கள் இதோடு ஐந்து கோடுகளைச் சேர்த்தார்கள்: ரேனாட், விரல் புண், குடல், மூச்சு, மொத்தத்தில் நோயின் கடுமை. எவ்வளவு தொல்லை என்று கோட்டில் புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்கு மட்டும் 18 கேள்விகள் கொண்ட கோஷன் கை அளவுகோல் இருக்கிறது, 90-க்குக் கணக்கு. வாய்க்குத் தனியாக 12 கேள்விகள் உண்டு. ஹெச்.ஏ.க்யூ. எண் உயர்ந்து நிற்பவர்களுக்குப் பிந்தைய ஆண்டுகளில் உயிராபத்தும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜாடி மூடியைத் திறக்க முடிகிறதா என்ற கேள்வியை அற்பம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது ஒன்று போதும்.

எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகப் பொத்தான் வைத்த சட்டையே போடாதவரிடம் உடுத்துவதில் சிரமமா என்று கேட்டால், ‘இல்லையே’ என்பார். பொய் சொல்லவில்லை. வாழ்க்கையைக் கைக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டுவிட்டார். செய்ய முடிகிறதா என்பதோடு, எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள் என்றும் கேட்டால்தான் இது வெளியே வரும்.

மருந்துகளும் அவை தொடாத இடமும்

மருந்துகளில் முன்னேற்றம் உண்மையானது. நின்டெடானிப் என்ற மருந்தை 576 பேரிடம் ஓராண்டு சோதித்த முடிவு 2019-இல் வந்தது. நுரையீரல் கொள்ளளவு ஆண்டுக்கு 93 மில்லிலிட்டர் குறைவதற்குப் பதில் 52 மில்லிலிட்டரே குறைந்தது. அதே ஆய்வில் தோல் மதிப்பெண்ணிலோ, மூச்சுத் தொல்லையைப் பற்றி நோயாளிகள் தாங்களே சொன்னதிலோ வேறுபாடு தெரியவில்லை. இதை மருந்தின் தோல்வி என்று படிக்கக் கூடாது. வராமல் போன நஷ்டத்தை யாராலும் உணர முடியாது. ஆனால் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று மருத்துவர் சொல்லும்போது, ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று எதிரில் இருப்பவர் சொல்வதும் நியாயம்தான்.

இயங்குதிறனையே கணிசமாகத் தூக்கிவிட்டது என்று சொல்லக்கூடியது, சொந்த ரத்த மூலச் செல்களை எடுத்துவைத்து, எதிர்ப்பு மண்டலத்தை அழித்து, மறுபடி செலுத்தும் சிகிச்சை. 2014-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் தோலும் மேம்பட்டது, ஹெச்.ஏ.க்யூ. எண்ணும் இறங்கியது. கூடவே, அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேர் சிகிச்சையின் விளைவாகவே முதல் ஆண்டில் இறந்தார்கள். நோய் வேகமாகப் பரவும், ஆனால் உறுப்புகள் இன்னும் தாங்கும் நிலையில் உள்ள சிலருக்கு மட்டுமே இது பொருந்தும்.

மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றும். இந்த நோயில் அது விபரீதம். ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கும்போது, ரத்த அழுத்தம் சட்டென்று எகிறிச் சிறுநீரகம் படுத்துவிடும் ஆபத்து கூடுகிறது. பரவும் வகையின் தொடக்க ஆண்டுகளில் குறிப்பாக.

மருந்துச் சோதனைகளும் மெல்லத் திருந்தி வருகின்றன. 2016-இல் வகுத்த கிரிஸ் என்ற கூட்டு அளவுகோலில் தோல் மதிப்பெண், நுரையீரல் கொள்ளளவு ஆகியவற்றோடு ஹெச்.ஏ.க்யூ., மருத்துவரின் மதிப்பீடு, நோயாளியின் மதிப்பீடு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஐந்தில் இரண்டு நோயாளியின் வாயிலிருந்து வருகிறது.

மடங்குவதற்கு முன்னால்

கை விஷயத்தில் என் கருத்து இதுதான்: கைப் பயிற்சி தாமதமாக வருகிறது. நோய் உறுதியானதும் ரத்தம், நுரையீரல், இதயம் என்று சோதனைகள் வரிசை கட்டும், அது வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போகச் சொல்லும் சீட்டு மட்டும், விரல் மடங்கிப் பொத்தான் போட முடியாமல் போனபிறகு வருகிறது. பரவும் வகையில் மூட்டு இறுகுவது முதல் சில ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்துவிடும் காரியம். மடங்கியபின் ஸ்பிளிண்ட் என்ற தாங்குபட்டை போட்டு நிமிர்த்திப் பார்த்த பழைய சிறு ஆய்வில் பலன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பயிற்சிகள் எளியவை. ஒரு கையால் மறு கையின் அடிக்கணுக்களை மெல்ல மடக்கிப் பிடிப்பது, நடுக்கணுவை நிமிர்த்திப் பிடிப்பது, கட்டைவிரலை வெளிப்பக்கம் விரிப்பது. ஒவ்வொன்றும் பத்து நொடி போல, தினமும். இழுப்பு தெரிய வேண்டும், தோல் வெளுத்துக் கிழியும் அளவுக்குப் போகக் கூடாது. இளஞ்சூட்டில் உருகிய பாரஃபின் மெழுகில் கையை நனைத்தெடுத்துவிட்டுச் செய்தால் தோல் கொஞ்சம் இணங்கும் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. திறந்த புண் இருந்தால் மெழுகு கூடாது. வாய்க்கும் இப்படியே, இரண்டு கட்டைவிரலால் வாயோரங்களை இழுத்துப் பிடிப்பது. கட்டைவிரல் விரியாதவர் இதை எப்படிச் செய்வார் என்று கேட்டால், சில இடங்களில் மரக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே செருகி அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

கஷ்டம் பயிற்சியில் இல்லை, தினமும் செய்வதில் இருக்கிறது. அசதியோடு இருப்பவரிடம், ‘இதைச் செய்தால் இன்று இருப்பது அப்படியே இருக்கும்’ என்று மட்டும்தான் வாக்குக் கொடுக்க முடிகிறது. மாதக்கணக்கில் செய்துவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். மாறாமல் இருந்ததே பலன் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிய ஒரு வழி வேண்டும்.

அதற்கு ஒரு அடிஸ்கேல் போதும். நடுவிரலை முடிந்தவரை நீட்டி, அதன் நுனிக்கும் உள்ளங்கையில் விரலுக்குக் கீழே ஓடும் ரேகைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு முடிந்தவரை மடக்கி, அதே இரண்டு புள்ளிகளை அளக்க வேண்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் விரல் பயணம் செய்யும் மொத்தத் தூரம் வரும். நீட்ட முடியாமை, மடக்க முடியாமை இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. மடக்கும்போது மட்டும் அளந்தால் நிமிராத விரல் கணக்கில் வராமல் தப்பிவிடும். அளவுகளைக் கையாலேயே ஒரு தாளில் எழுதிவைக்கலாம். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: எண்கள், பிறகு அவற்றை எழுதிய கையெழுத்து.